வெயிற்காலத்தில் வீட்டுக் கோழிகளும் கிணற்று நீரும்



சித்திரை மாதத்திற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகின்றது. சோழகம் எழுமுன் காற்று ஓய்ந்திருக்கும் அந்நாட்களில், காலையில் நலமாக மேய்ந்த பேடு மாலையிற் கூட்டினுள் மாண்டு கிடப்பதுண்டு. பத்துப் பேடுகளில் இரண்டு மாண்டால், வீட்டின் முட்டை வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். “எங்கள் கிணற்று நீரிற் சுண்ணாம்பு அதிகம், அதுவே கோழியைக் கொன்றது” என்று சிலர் கூறுவர். இது சரிதானா என ஆராய்வோம்.

குடாநாட்டின் அடியிற் சுண்ணாம்புக்கல் உண்டு. அதனூடாக ஊறிவரும் நீர் வன்னீராயிருக்கும். கேத்திலின் உட்புறத்திற் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சான்று. இச்சுண்ணாம்பு கோழிக்கு நஞ்சன்று. ஆனால் உவர்நீர் வேறு. கரையோரக் கிணறுகளிற் கோடையில் உப்பு ஏறும், அந்நீரைக் குடிக்கும் கோழியின் எச்சம் நீராகும், முட்டையோடும் மெலியும். நீரைக் காய்ச்சினால் வன்மையின் ஒரு பகுதி நீங்கும், உப்பு நீங்காது. ஆகவே உங்கள் கிணறு உவர்த்தால், கோழிக்கும் நன்னீர்க் கிணற்றிலிருந்தே நீர் கொணருங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். வெயில் ஏறும்போது அது வாய் திறந்து மூச்சிரைத்து, உடல் நீரை ஆவியாக்கியே வெப்பத்தைப் போக்குகின்றது. இழந்த நீரை ஈடுசெய்யாவிடில் அது மாளும். கடும் வெயிலிற் பேடொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் நீர் குடிக்கும். பத்துக் கோழிக்கு 5 லீற்றர் என்று கணக்கிடுங்கள். வெயிலிற் சுட்ட நீரைக் கோழி விரும்பாது. கூரைமேல் தாங்கியின் நீரை ஊற்றாது, காலையிலும் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் கிணற்றிலிருந்து அள்ளிய நீரை நிழலில் வையுங்கள்.

மட்சட்டி நீரைக் குளிர்விக்கும். அதன் நுண்துளைகளினூடே நீர் கசிந்து ஆவியாவதே காரணம். வன்னீரின் சுண்ணாம்பு அத்துளைகளை நாளடைவில் அடைத்துவிடும். வெளிப்புறம் ஈரமின்றி உலர்ந்திருக்கும் சட்டி குளிர்விக்காது. எனவே இரண்டு சட்டிகளை மாறி மாறிப் பாவியுங்கள். வாரம் ஒருமுறை, சமபங்கு நீர் கலந்த வினாகிரியை ஒரு சட்டியில் இரவு முழுதும் ஊறவிட்டு, தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். நாகம் பூசிய இரும்பு வாளியில் வினாகிரி ஊற்றலாகாது. நாகம் கரைந்து நீரிற் கலக்கும். நீர் தெளிக்கும் குழாய்களின் நுண்ணிய வாயையும் சுண்ணாம்பு அடைக்கும். அவற்றை நாடாது, கூட்டைச் சுற்றியுள்ள நிழல் மணலை நனைத்தாற் போதும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த இடங்களிற் கூட்டினுள் நீர் தெளித்தலைத் தவிருங்கள். புழுக்கம் மிகுந்தால் மூச்சிரைத்தும் வெப்பம் தணியாது.

தகரக் கூரையின்மேற் கிடுகோ பனையோலையோ வேயுங்கள். பக்கங்களிற் காற்றோட்டம் விடுங்கள். தீன் செரிக்கும்போதும் உடலில் வெப்பம் பிறக்கும். ஆதலால் விடியற்காலையிலும் மாலையிலும் தீன் இடுங்கள்.

மூச்சிரைப்பால் முட்டையோடும் மெலியும். ஓடொன்றுக்குச் சுமார் 2 கிராம் கல்சியம் வேண்டும். வன்னீரிற் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கே. சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள்.

மற்றுமொன்று: டெற்றாசைக்கிளின் வகை மருந்துகளை வன்னீரின் கல்சியம் பற்றிக்கொள்ளும், மருந்தின் பயன் குறையும். மருந்து வாங்கும்போது உங்கள் நீர் வன்னீர் என்பதை மிருக வைத்தியரிடம் கூறுங்கள்.

சிறகை விரித்து, வாய் பிளந்து, தள்ளாடும் கோழியைக் கண்டால் உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, அதன் கால்களைக் கிணற்று நீரில் நனைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கவிடுங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம்.

ஆகவே அன்பர்களே, நீரின் சுண்ணாம்பைக் குறை கூறுமுன், நண்பகலில் ஒருமுறை கூட்டடிக்குச் சென்று நீர்ச்சட்டியிற் கையை வைத்துப் பாருங்கள். அது சுட்டால், அன்றைய முதல் வேலை அந்நீரை மாற்றுவதே.