யந்திரம் நம்முடையது, உதிரிச் சாமான் யாருடையது?

(கணபதியில் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இங்கு நான் பேசப்போவது பெரிய வேதாந்த விஷயம் ஒன்றுமல்ல. நம் வீட்டு டி.வி., வாஷிங் மெஷின், மின்விசிறி, கைபேசி முதலியவை கெட்டுப்போனால் அவற்றுக்கு வேண்டிய உதிரிச் சாமான் ஏன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஏன் யானை விலை குதிரை விலையாக இருக்கின்றது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இது பொதுக்கூட்டத்தில் பேசத்தக்க விஷயமா என்று சிலர் நினைக்கலாம். மாதம் பிறந்தால் தவணை கட்டுகின்றவனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு என்ன இருக்கின்றது என்று நான் கேட்கிறேன்.

ஒரு யந்திரம் நின்றுபோனவுடன் நம் வாயில் முதலில் வரும் வார்த்தை என்ன? "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்கிறோம். மனிதன் செத்தாலும் தலைவிதி, மெஷின் செத்தாலும் தலைவிதி! மனிதன் விஷயத்திலாவது, எழுதினவன் கண்ணுக்குத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமிருக்கிறது. மெஷினுக்கு விதி எழுதினவன் யார்? அதைச் செய்து விற்ற கம்பெனிக்காரன்தானே? அவனுக்கு விலாசம் இருக்கிறது. கணக்குப் புத்தகம் இருக்கிறது. டெலிபோன் நம்பர் இருக்கிறது. கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவனைக் கேட்காமல், விதி என்று சொல்லிக்கொண்டு பழைய சாமான்காரனைக் கூப்பிடுவது அறிவுடைமையாகுமா?

உதிரிச் சாமான் கிடைக்காதது இயற்கை என்று யாராவது சொன்னால், அவர்களை இந்தக் கணபதியையே சுற்றிப் பார்க்கச் சொல்லுவேன். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் இந்தப் பக்கம் வந்தது. 1937இல் பீளமேட்டில் தோழர்கள் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் முனைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அந்தப் பாலசுந்தரம் உண்டாக்கிய டெக்ஸ்டூல் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் கணபதியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகின்றோம். அன்று முதல் இந்த வட்டாரத்தில் வார்ப்படப் பட்டறையும் லேத் பட்டறையும் மோட்டார் காயில் கட்டும் கடையும் பெருகின.

அதன் பலன் என்ன? தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நின்றுபோனால் குடியானவன் தலையில் கை வைத்து உட்காருவதில்லை. கழற்றிக் கொண்டுவருகிறான். காயில் கருகியிருந்தால் புதிதாகக் கட்டித் தருகிறார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் கடையில் 6203 என்று நம்பரைச் சொன்னால் போதும். உள்வட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவட்டம் 40, கனம் 12. இந்த அளவு ஜப்பான்காரன் செய்தாலும் ஸ்வீடன்காரன் செய்தாலும் நம்மூர்க்காரன் செய்தாலும் ஒன்றேதான். ஆகையால் எவன் ஒருவனும் விலையை ஏற்றி நம்மைக் கட்டிப்போட முடிவதில்லை. இவன் அதிகம் கேட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். கிரைண்டர் பெல்ட்டும் இப்படித்தான். மிக்ஸி கார்பனும் கப்ளரும் இப்படித்தான். சந்தைக் கடைகளிலே கூடக் கிடைக்கின்றன.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை, தோழர்களே! மூன்றே மூன்று காரணங்கள்தான். சாமானுக்குப் பொதுவான அளவும் நம்பரும் இருக்கின்றது. அதை யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். எப்படி மாற்றுவது என்பது ரகசியமாக இல்லை. இந்த மூன்றும் இருந்தால் சாமானும் கிடைக்கும், விலையும் நியாயமாக இருக்கும். இவற்றில் ஒன்று போனாலும் நாம் ஒருவன் கையில் அகப்பட்டவர்களே ஆவோம்.

இதற்கு நம் தலைக்கு மேல் சுற்றும் விசிறியே சாட்சி. பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும். 2.5 என்று சொன்னால் எந்த எலக்ட்ரிக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி வந்திருக்கின்றது. பழையது சுமார் 75 வாட் தின்ற இடத்தில் இது சுமார் 30 வாட்டில் சுற்றுகிறது. இது நல்ல காரியம். இதை நான் குறை சொல்ல வரவில்லை. புது விஞ்ஞானத்தை வேண்டாமென்று சொல்லுகிறவன் பகுத்தறிவுக்காரன் அல்லன். ஆனால் அந்த விசிறிக்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கின்றது. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் வேறு. மின்னல் வெட்டி அது போய்விட்டால் கம்பெனியின் சர்வீஸ் ஆளுக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் இறக்கையும் மோட்டாரும் நன்றாக இருந்தும் விசிறி பழைய இரும்பு!

வாஷிங் மெஷினைப் பாருங்கள். உதாரணத்துக்காகச் சொல்லுகிறேன், மெஷின் ரூ. 18,000 என்றும் அதன் போர்டு ரூ. 7,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் போயிருப்பது சில ரூபாய் பெறும் ஒரு ரிலேயாகவோ கண்டன்சராகவோ இருக்கலாம். ஆனால் சர்க்யூட் படம் வெளியே கொடுப்பதில்லை. ஈரம் படாமலிருக்க என்று போர்டின் மேல் பசையை வேறு ஊற்றி மூடியிருப்பார்கள். ஈரத்துக்குப் பயந்து மூடுவது நியாயந்தான். படத்தை மூடுவது எதற்குப் பயந்து? பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அதனால் எந்த ரேடியோ கம்பெனியும் குடிமுழுகிப் போய்விடவில்லையே!

டி.வி. விஷயம் இன்னும் மோசம். பின்னால் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டை போனால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். முன்னால் உள்ள பேனல் உடைந்தால் தீர்ந்தது. ஏனெனில் டி.வி.யின் விலையில் பெரும்பங்கு அந்தப் பேனலின் விலைதான். பெரிய பேனல்கள் சீனா முதலிய வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. ஆகவே "பேனல் மாற்றுவதைவிடப் புதிது வாங்கு" என்கிறான் கடைக்காரன். அவன் சொல்லுவது கணக்குப்படி பல சமயம் சரியாகவும் இருக்கும்.

ஏழை வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 முதல் நம் மாகாண சர்க்கார் இலவசமாக வண்ண டி.வி. கொடுத்தார்கள்; 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் சாமான் கிடைத்துக்கொண்டே இருந்ததால் இன்னும் பல வீடுகளில் அவை ஓடுகின்றன. அந்த டி.வி.க்களின் பிக்சர் டியூப் செய்வதோ உலகம் முழுவதும் அற்றுப்போய்விட்டது. உடைத்த பெட்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு. காலம் மாறுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் லட்சக்கணக்கில் வாங்குகின்ற சர்க்கார், "இத்தனை வருஷத்துக்கு இன்ன விலையில் உதிரிச் சாமான் தரவேண்டும்" என்று ஷரத்து எழுதி வாங்குவது கஷ்டமான காரியமா? தனி மனிதன் கேட்டால் சிரிப்பான். சர்க்கார் கேட்டால் கையெழுத்துப் போடுவான்.

கைபேசியில் ஒரு புது வித்தை செய்கிறார்கள். ஒரே மாடல் இரண்டு போனை வைத்துக்கொண்டு, ஒன்றின் நல்ல திரையை எடுத்து மற்றொன்றில் மாட்டினால், சில போன்கள் அதை ஏற்றுக்கொள்ளுவதில்லை. அல்லது சில வேலைகளைச் செய்ய மறுக்கின்றன. சாமானுக்குள் இருக்கும் நம்பரும் போனின் நம்பரும் ஜோடி சேர வேண்டுமாம்! ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாமான். ஆனாலும் தொட்டால் தீட்டு! மனிதரில் இருக்கும் தீட்டை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கையில் யந்திரத்துக்கும் தீட்டு கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாகாணத்தார் 2024இல் சட்டம் செய்து, 2025 ஜனவரி 1க்குப் பிறகு முதன்முதலாகச் செய்து விற்கும் சாதனங்களில் இதைத் தடுத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டியது நமது கடமை. "போலிச் சாமான் போட்டால் தீப்பிடிக்கும்" என்கிறார்கள். உண்மைதான், மட்டமான கைபேசி பாட்டரி வெடித்து வீடு எரிவதும் உண்டு. ஆனால் போலி எங்கே பெருகும்? அசல் கிடைக்காத இடத்திலும், கிடைத்தும் வாங்க முடியாத விலையுள்ள இடத்திலுந்தான் பெருகும். அசலைக் கடையில் நியாய விலைக்குப் போட்டால் போலியை எவன் சீந்துவான்? "எல்லா மாடலுக்கும் என்றென்றைக்கும் சாமான் வைத்திருக்க முடியுமா?" என்கிறார்கள். என்றென்றைக்கும் வேண்டாம். எத்தனை வருஷம் என்பதை விற்கும்போதே சொல்லிவிடு என்றுதான் கேட்கிறோம்.

ஐரோப்பாக்காரர்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2021 மார்ச் முதல் அங்கே வாஷிங் மெஷினுக்கு, அந்த மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்த பிறகு 10 வருஷம் முக்கியமான உதிரிச் சாமான்கள் கிடைக்க வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். 2025 ஜூன் முதல் கைபேசிக்கும் 7 வருஷம் என்று விதித்திருக்கிறார்கள். பிரான்சில் 2021 முதல், சில சாதனங்களை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் கடையிலேயே காட்ட வேண்டும். அங்கே விற்கின்ற கம்பெனிகளில் பல இங்கேயும் விற்கின்றவைதான். அங்கே முடிவது இங்கே மட்டும் ஏன் முடியாது?

நம் தேசத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. காரணம், வெளிப் பட்டறைகளுக்கு உதிரிச் சாமானும் பழுது பார்க்கும் கருவியும் தாராளமாகக் கிடைக்கவொட்டாமல் செய்தார்கள் என்பதே. பிறகு அப்பீலில் சில கம்பெனிகளின் அபராதக் கணக்கு மாறியது என்றாலும் குற்றம் குற்றமென்றே நின்றது. 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 24ந் தேதி அதற்கென்று இணையதளமும் திறந்தார்கள். ரிப்பேருக்கு மார்க் போடும் திட்டத்தைப் பற்றி வேறொரு கமிட்டி 2025இல் யோசனை கூறியிருக்கின்றது. ஆனால் உதிரிச் சாமானைக் கொடுத்தே தீரவேண்டும் என்கின்ற தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. கமிட்டி வந்துவிட்டது என்று நாம் சும்மா இருந்தால் கமிட்டியோடேயே நின்றுபோகும்.

இது பணக் கணக்கு மட்டுமல்ல. 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் எலக்ட்ரானிக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சார்பில் வந்த கணக்கு கூறுகின்றது. அதில் முறையாகச் சேகரித்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதந்தான். மற்றதில் ஒரு பங்கு எங்கே போகின்றது? கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் ஏழையின் நுரையீரலுக்குப் போகின்றது. பிறகு பட்டறைத் தொழிலாளியின் பிழைப்பைப் பாருங்கள். சாமான் கிடைத்தால்தானே கைத்தொழில் தெரிந்தவனுக்கு வேலை? மூளையும் கையும் இருந்தும், ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பியும் ஒரு ஐ.சி. கிடைக்காமல், "முடியாதுங்க" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அந்த அவமானம் அவனுடைய திறமைக் குறைவாலா வந்தது?

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? வாங்குமுன் கடைக்காரனை மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு எத்தனை வருஷம் உதிரிச் சாமான் கிடைக்கும்? முக்கியமான போர்டின் விலை என்ன? அது வெளிக் கடையில் கிடைக்குமா? பதிலை எழுதிக் கேளுங்கள். தள்ளுபடி எவ்வளவு என்று பத்துக் கடை ஏறி இறங்குகின்ற நாம் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நூறு பேர் கேட்டால் கடைக்காரன் கம்பெனிக்காரனைக் கேட்பான். ரிப்பேர் செய்த பிறகு பில்லும், மாற்றிய பழைய சாமானும் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்குள் சாமான் இல்லையென்று இழுத்தடித்தால் 1915 என்ற நம்பரில் புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் கோயமுத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கின்றது. ரூ. 5 லட்சத்துக்குள் விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே போய் நின்றும் பேசலாம்.

பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. போலியைப் போட்டுவிட்டு அசல் என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒரு பொய், "வெளி ஆள் கை வைத்தால் கெடும்" என்னும் கம்பெனிக்காரனின் வாதத்துக்குச் சாட்சியாகப் போய்விடுகின்றது.

விலை கொடுத்து வாங்கிய பிறகும் திறந்து பார்க்க அனுமதி இல்லை, சாமான் கேட்டால் கிடையாது, கிடைத்தாலும் அவன் வைத்ததே விலை என்றால், அதற்குப் பெயர் சொந்தம் அல்ல, தோழர்களே, வாடகைதான். கிணற்று மோட்டாரை ஆளத் தெரிந்த இந்த ஊர், ஒரு போர்டுக்குப் பயந்து கைகட்டி நிற்கவேண்டிய அவசியமில்லை. நாளைக்கே ஏதாவது சாமான் வாங்கக் கடைக்குப் போவீர்களானால், அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.