சாத்திய மலரும் சூடிய மலரும்



தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் விளங்கும் பழம்பதி திருக்காட்டுப்பள்ளி. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிப் பரவிய இத்தலத்தில், அக்கினிதேவன் வழிபட்ட அக்கினீசுவரர், சௌந்தரநாயகி அம்மையுடன் எழுந்தருளியுள்ளார். அம்மையின் திருப்பெயரிலேயே அழகு குடிகொண்டிருக்கிறது. ஆதலின், கலை என்பது யாது, அன்றாட வாழ்வில் அதன் பயன் யாது எனச் சிந்திப்பதற்கு இச்சந்நிதி மிகவும் பொருத்தமானதாகும்.

இத்தலத்தைப் பற்றி வழங்கும் புராண வரலாறு ஒன்று உண்டு. உறையூரை ஆண்ட சோழ மன்னன், தனக்குக் கிடைத்த செவ்வந்தி மலர்களைத் தன் தேவியர் இருவருக்கும் அளித்தான். மூத்தவள் தன் மலரை இறைவனுக்குச் சாத்தி வழிபட்டாள். இளையவள் தானே சூடி மகிழ்ந்தாள். பின்னர் பெய்த மண்மாரியில் இளையவள் வாழ்ந்த உறையூர் அழிந்தது. மூத்தவள் வாழ்ந்த திருக்காட்டுப்பள்ளி மட்டும் பிழைத்தது என்பர்.

இளையவள் மலரைத் திருடவில்லை. அது அவளுக்கு உரிய மலரே. அழகை விரும்பியதும் குற்றமன்று. ஆயினும் அவள் சூடிய மலரின் அழகு அவளோடு முடிந்தது. மூத்தவள் சாத்திய மலரையோ, சந்நிதிக்கு வந்தோர் அனைவரும் கண்டு மகிழ்ந்திருப்பர். அழகைத் தன்னளவில் நிறுத்தாமல் பிறர்க்கும் உரியதாக்கும் செயலே கலை என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் பொருளாகும்.

இவ்வுண்மையைச் சோழநாடு நன்கு உணர்ந்திருந்தது. கி.பி. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளைக் காண்க. அக்கோயிலில் ஆடல் புரிவதற்காகச் சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்து அழைத்துக் குடியமர்த்தப்பட்ட 400 மகளிரின் பெயர்களையும், அவர்கள் வாழ்ந்த தெருக்களையும் மாமன்னன் இராசராசன் கல்லில் பொறித்து வைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வழங்கப்பட்டன. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரும் அமர்த்தப்பட்டனர். தச்சருக்கும் கன்னாருக்கும் தையற்காரருக்கும் பங்கு அளித்த அதே முறையிலேயே ஆடுவோருக்கும் இசைப்போருக்கும் பங்கு அளிக்கப்பட்டது. உழவன் விளைவித்த நெல் கலைஞனின் உலையில் வெந்தது. கலைஞனின் இசை உழவனின் செவியில் நிறைந்தது. கலையை உண்டு மிஞ்சியபின் தேடும் பொழுதுபோக்காக அவர்கள் கருதவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

கலை கோயிலில் மட்டும் வாழ்வதன்று. வைகறையில் வாசல் தெளித்து, அரிசி மாவால் கோலமிடும் இல்லத்தரசியும் கலைஞரே. அக்கோலம் தெருவில் செல்வோரின் கண்ணுக்கு விருந்து, எறும்புக்கு உணவு. மாலைக்குள் அழிந்துவிடும் என்று அறிந்தும், மறுநாளும் புள்ளி வைக்க அவர் கை சலிப்பதில்லை. சுவாமிமலைச் சிற்பி மெழுகில் திருமேனி வடித்து, காவிரி வண்டல் மண்ணால் அதனைப் பூசி மூடுகிறார். நெருப்பில் மெழுகு உருகி ஓட, அவ்விடத்தில் உலோகம் நிறைகிறது. பின் அச்சினை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர வேண்டும். ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. நாள்தோறும் புதிதாய், முழுமனத்தோடு ஒரு செயலைச் செய்யும் பயிற்சியையே கலை மனிதனுக்குக் கற்றுத் தருகிறது.

இன்று நிலைமை சற்றே மாறி வருகிறது. பல வாசல்களில் ஒட்டுக்கோலம் இடம்பெற்றுள்ளது. கோயில்கள் சிலவற்றில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. கருவி ஓசை தரும்; ஆனால் விடியலுக்குப் பூபாளமும், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரியும், பள்ளியறைக்கு நீலாம்பரியும் வேண்டும் என்று அது அறியாது. அதை அறிந்தவர் நாகசுரக் கலைஞர். அவர் வாசிக்கையில் நின்று கேட்பார் இல்லையெனில், தம் மகனுக்கு அக்கலையைக் கற்பிக்க அவருக்கு மனம் வருமா?

ஆகவே, கோயிலுக்கு வரும் அன்பர்கள் நாகசுர ஓசை கேட்கும்போது சில நிமிடங்களேனும் நின்று செவிமடுத்தல் வேண்டும். இல்லத்து விழாக்களுக்கும் அக்கலைஞரை அழைத்து, மனமுவந்து அளித்தல் வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு தேவாரப் பதிகமேனும் பண்ணோடு பயிற்றுதல் வேண்டும். வாசலில் கையால் ஒரு சிறு கோலம் இடுதல் வேண்டும். இவை யாவும் மூத்த தேவி சாத்திய மலருக்கு நிகரானவை.

அனைவரும் சௌந்தரநாயகி உடனுறை அக்கினீசுவரர் திருவருள் பெற்று இனிது வாழ்வார்களாக!

திருச்சிற்றம்பலம்.