நிமிடங்களில் பறிபோகும் உயிர்: தொடக்கப்பள்ளிகளும் நமது கடமையும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே,

2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில், வகுப்பறைக்குள் பாம்பு கடித்து மாணவி ஒருவர் உயிரிழந்தார். கேரளமே கொதித்தெழுந்தது. நெருக்கடி நேரத்தில் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்பதே அன்று எழுந்த கேள்வி. கடும் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அக்கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது.

சில குழந்தைகளுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. சிலருக்கு முட்டை, பால், நிலக்கடலை, இறால் ஒவ்வாது. உடலெங்கும் தடிப்பு எழும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இரைக்கும், மயக்கம் வரும். பிரிட்டனில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வின்படி, பூச்சிக்கடியால் ஏறத்தாழ 15 நிமிடங்களிலும், உணவால் ஏறத்தாழ 30 நிமிடங்களிலும் இதயமோ மூச்சோ நின்றுள்ளது. மூணாறு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி எஸ்டேட் பாதைகளில் அந்த நேரத்துக்குள் மருத்துவமனையை எட்ட முடியுமா?

இதற்கான முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகச் செலுத்த வேண்டும். அரிப்புக்கான மாத்திரை இதற்கு ஈடாகாது. அட்ரினலின் விலை மலிவானது. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் உள்ளது. தடுப்பூசிக்குப் பின் இத்தகைய ஒவ்வாமை தோன்றினால் கிராமச் செவிலியரே முதல் ஊசியைச் செலுத்த மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. பிரிட்டனில் 2017 முதல், பள்ளிகள் மருத்துவர் சீட்டின்றியே தானியங்கி ஊசியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி முகாமில் இயலுவது நம் பள்ளியில் ஏன் இயலாது?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, சேர்க்கையின்போதே ஒவ்வாமை விவரத்தைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அந்த அட்டை தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். ஏனெனில் தாய் பேசுவது தமிழ், மருத்துவமனையில் பெரும்பாலும் பேசப்படுவது மலையாளம். சமையல் தொழிலாளியிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இரண்டாவது, ஆசிரியர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே பயிற்சி வேண்டும்: குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது, மூச்சுத் திணறினால் உட்கார வைப்பது, உடனே 108ஐ அழைப்பது. மூன்றாவது, மருந்தும், அதைச் செலுத்தப் பயிற்சி பெற்றவரும், வாகன ஏற்பாடும் பள்ளிக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இதனை யாரிடம் கோருவது? கேரளத்தில் அரசுத் தொடக்கப்பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளன. கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஊசி போடுவதற்கான எழுத்துபூர்வ அனுமதியைச் சுகாதாரத் துறையிடம் கோருங்கள். எஸ்டேட் நிர்வாகத்தையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் மருத்துவ வசதி முதலாளியின் கடமை என 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

ஓர் எச்சரிக்கை. சிலருக்கு ஒவ்வாது என்பதற்காக மதிய உணவின் முட்டையையும் பாலையும் நிறுத்தச் சொல்வோருக்கு இடம் தராதீர்கள். ஏழைக் குழந்தைகளின் சத்துணவைப் பறிப்பது பாதுகாப்பு ஆகாது. ஒவ்வாத குழந்தைக்கு மாற்று உணவு. மற்ற குழந்தைகளுக்கு முட்டையும் பாலும். இதுவே நம் நிலை.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊர்ப் பள்ளியில் இம்மூன்றில் எது உண்டு, எது இல்லை என்று கேட்டறிந்து வாருங்கள். அங்கிருந்து நம் வேலை தொடங்கட்டும்.