அடைத்த கதவும் அடங்காத திறமையும்



1975ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். 15 சுற்றுகள் நடந்த அந்தப் போட்டியில் அலி வென்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அது இன்னும் நினைவில் இருக்கும்.

இப்படிப் பணம் பெற்று, அதையே பிழைப்பாகக் கொண்டு ஆடுவதைத் தொழில்முறைக் குத்துச்சண்டை என்கிறோம். மன்றங்களில் பழகி, நாட்டின் சார்பில் ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் ஆடுவது அமெச்சூர் குத்துச்சண்டை. இதில் சுற்றுகள் குறைவு. தொழில்முறைப் போட்டியைச் சட்டம் போட்டே தடுத்த நாடுகள் சில உண்டு. அவை ஏன் தடுத்தன? தடுத்ததால் அந்நாட்டு இளையோரின் திறமை என்ன ஆயிற்று? இவ்விரண்டையும் இன்று பார்ப்போம்.

காரணத்தை முதலில் கவனிப்போம். மற்ற பல விளையாட்டுகளில் தலையில் அடிபட்டால் அது விபத்து. குத்துச்சண்டையிலோ, எதிராளியின் தலையைக் குறிபார்த்துத்தான் அடிக்கிறார்கள். பலமான குத்து விழும்போது மண்டைக்குள்ளே மூளை குலுங்குகிறது. பல ஆண்டுகள் இப்படி அடிவாங்கியவர்களில் சிலர், குடிக்காமலே குடித்தவர் போலத் தள்ளாடுவதையும், பேச்சுக் குழறுவதையும் அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதி வைத்தார். மருத்துவர்களின் எச்சரிக்கை வலுக்க வலுக்க, அரசாங்கங்களும் யோசிக்கத் தொடங்கின. ஐஸ்லாந்து 1956இல் குத்துச்சண்டை முழுவதையுமே தடை செய்தது. சுவீடன் 1970இலும், நார்வே 1981இல் இயற்றிய சட்டத்தாலும் தொழில்முறைப் போட்டிகளைத் தடுத்தன.

இவற்றுள் சுவீடனின் கதை வியப்பானது. குத்துச்சண்டையில் உலகப் புகழ் பெற்ற நாடு அது. கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த இங்கமார் யோஹான்சன், 1959இல் நியூயார்க்கில் ஃபிலாய்ட் பாட்டர்சனை மூன்றாவது சுற்றில் வீழ்த்தி, உலக ஹெவிவெயிட் வீரரானார். அந்தச் சுற்றில் மட்டும் பாட்டர்சன் 7 முறை கீழே விழுந்தார். அப்படிப்பட்ட வீரரைத் தந்த நாடுதான், அடுத்த 11 ஆண்டுகளுக்குள் கதவை அடைத்தது.

கதவை அடைத்ததும் திறமை அடங்கிவிட்டதா? இல்லை. அமெச்சூர் பயிற்சி தொடர்ந்து நடந்தது. ஆனால் மேலே போக நினைத்தவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுவீடனின் அர்மாண்ட் கிராய்ன்ஸ் 1999இல் நடுத்தர எடைப் பிரிவில் உலகப் பட்டங்களுள் ஒன்றைப் பெற்றார். சொந்த நாட்டில் அந்தப் பட்டத்துக்காக ஆட அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

நார்வேயில் செசிலியா பிரேக்ஹுஸ் என்ற பெண்மணியின் நிலையும் அதுவே. கொலம்பியாவில் பிறந்து, நார்வேயில் ஒரு குடும்பத்தாரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர் அவர். 2007இல் ஜெர்மனிக்குச் சென்று தொழில்முறை வீராங்கனையானார். 2014 செப்டம்பரில் தம் எடைப் பிரிவின் முக்கியப் பட்டங்கள் அனைத்தையும் ஒருசேரக் கைக்கொண்டார். அதுவும் நடந்தது டென்மார்க்கில்! அந்த ஆண்டின் இறுதியில் நார்வே நாடாளுமன்றம் தடையை நீக்க முடிவு செய்தது. 2016 அக்டோபரில், ஓஸ்லோ நகரில் தம் மக்கள் முன்னிலையில் அவர் முதன்முறையாகத் தொழில்முறைப் போட்டியில் ஆடி வென்றார். சுவீடனும் 2006இல் கட்டுப்பாடுகளுடன் அனுமதி அளித்திருந்தது.

கியூபாவின் நிலை வேறு. அங்கே தடைக்குக் காரணம் உடல்நலம் மட்டுமன்று. விளையாட்டை வியாபாரமாக்கக் கூடாது என்பது புரட்சி அரசின் கொள்கை. 1960களின் தொடக்கத்தில் தடை வந்ததும், ஹோசே நாப்போலெஸ் போன்ற சிறந்த வீரர்கள் வெளியேறினார்கள். அவர் மெக்சிகோவில் வாழ்ந்து, 1969இல் உலகப் பட்டம் வென்றார்.

ஆனால் கியூபா கதவை அடைத்ததோடு நின்றுவிடவில்லை. சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடித்தது, விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தது, பயிற்சியாளர்களை அமர்த்தியது. அதன் பயனாக தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். அலியுடன் மோதப் பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் அவர் போகவில்லை. 1992இல் பார்சலோனாவில் கியூபா குத்துச்சண்டையில் மட்டும் 7 தங்கம் பெற்றது. ஆயினும் எல்லாரும் ஸ்டீவன்சனைப் போல இருந்துவிடவில்லை. இருமுறை தங்கம் வென்ற ரிகொண்டோ 2009இல் நாட்டை விட்டு வெளியேறினார். இறுதியில் 2022இல் கியூபாவும் தன் வீரர்களைத் தொழில்முறைப் போட்டிக்கு அனுப்பத் தொடங்கியது.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? தடை திறமையை அழிப்பதில்லை. வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறது. திறமையை வளர்ப்பது பயிற்சியும் பராமரிப்புமே. ஆனால் தடை விதித்தவர்களின் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்ய இயலாது. அன்று நியூயார்க்கில் மோதிய யோஹான்சன், பாட்டர்சன் இருவருமே முதுமையில் நினைவாற்றலை இழந்து வாடினார்கள். குத்துகள்தாம் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனாலும், அது சிந்திக்க வைக்கும் செய்தி அல்லவா?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கையுறை மாட்ட ஆசைப்பட்டால், உடனே விரட்டவும் வேண்டாம்; பரிசுப் பணத்தை நினைத்துத் தள்ளிவிடவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேளுங்கள். பழக்குபவர் முறையாகக் கற்றவரா? போட்டிக்கு முன்னும் பின்னும் மருத்துவர் பார்க்கிறாரா? தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையை அன்றே ஆட்டத்திலிருந்து நிறுத்தி, மருத்துவர் சொல்லும்வரை ஓய்வு தருகிறார்களா? தலைவலியோ வாந்தியோ மறதியோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விளையாட்டோடு பள்ளிப் படிப்பும் தொடரட்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் பிள்ளை நெடுங்காலம் வாழ வேண்டுமல்லவா?