கடல் பார்க்கப் போகும் நம் பிள்ளைகள்

(தோட்டப் பெற்றோரும் இளைஞர் கழகத்தினரும் கூடிய கூட்டமொன்றில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். கற்பிட்டிக் கடலுக்குப் போய், படகில் ஏறி, டொல்பினும் திமிங்கிலமும் பார்த்து வரவேண்டும் என்று பாடசாலைப் பிள்ளைகளும் இளைஞர் கழகத்தாரும் கேட்கிறார்கள். "அனுப்பலாமா, கூடாதா?" என்பதுதான் இப்போது லயத்துக்கு லயம் பேச்சு. "மலையிலே பிறந்த பிள்ளைக்குக் கடலிலே என்ன வேலை?" என்கிறார் ஒரு பாட்டி. "பொம்பளைப் பிள்ளையை எப்படி விடுறது?" என்கிறார் ஒரு தாய். "காசுக்கு எங்கே போறது?" என்கிறார் ஒரு தகப்பன். மூன்றும் நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. கற்பிட்டி, புத்தளம் மாவட்டத்தில் இருக்கிறது. புத்தளத்துக்குக் கிட்ட பாலாவிச் சந்தியில் திரும்பினால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே நீண்டு கிடக்கும் நிலம். அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இருக்கிறது. வழியில் தலவில புனித அன்னம்மாள் கோயில் இருக்கிறது. நுரைச்சோலை அனல் மின் நிலையமும் அந்தப் பக்கம்தான். 2011இல் வேலை தொடங்கிய இடம் அது. நம் லயத்தில் எரியும் பல்புக்கு அங்கிருந்தும் மின்சாரம் வருகிறது. அங்குள்ளவர்களில் கனபேர் தமிழ் பேசுகிறவர்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அந்த மாவட்டத்தில்தான் வந்து குடியேறினார்கள். ஆகவே நம் பிள்ளைகள் பாஷை தெரியாத ஊருக்குப் போகவில்லை.

அந்தக் கரையிலிருந்து படகில் போனால் அதிக தூரம் போகாமலே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். ஆழ்கடலில் மீனும் கணவாயும் நிறைய. அதைத் தின்னத்தான் திமிங்கிலம் வருகிறது. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதி. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், அப்போது போகக்கூடாது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பிறகுதான் இந்தப் படகுப் பயணங்கள் பெருகின. அதற்கு வெகுகாலம் முன்பே, 1982 முதல் 1984 வரை, "டியூலிப்" என்ற சிறிய பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் இலங்கைக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள்.

என்ன பார்க்கலாம்? சுழன்று துள்ளும் டொல்பின்களைப் பெரும்பாலும் பார்க்கலாம். நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும், பம்பரம் போல ஆகாயத்தில் சுற்றி விழும். திமிங்கிலம் எல்லா நாளும் கிடைக்காது. அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடல் ஒன்றும் மிருகக்காட்சிச்சாலை இல்லை. மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் பேர்பெற்ற நீலத் திமிங்கிலம் இருக்கிறதே, உலகத்திலேயே பெரிய உயிர் அது. நூறு அடிவரை வளரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒன்பது பத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு லயம் வருமே, அவ்வளவு நீளம்!

கற்பிட்டியில் வருவது பெரிய தலை உள்ள ஸ்பேர்ம் திமிங்கிலம். அது மீன் அல்ல. நம்மைப் போலக் காற்றை மூச்சிழுக்கும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஒரு மணித்தியாலம்வரை மூச்சடக்கி ஆயிரம் மீற்றருக்கும் கீழே இரை தேடும். குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அப்போது தாய் என்ன செய்யும்? கூட்டத்திலுள்ள மற்றப் பெண் திமிங்கிலங்கள் மேலே நின்று குட்டியைப் பார்த்துக்கொள்ளும், தாய் கீழே போய்த் தின்றுவிட்டு வரும். நம் அம்மாமார் பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட்டு மலைக்கு ஏறுகிறார்களே, அதே கதைதான். இதைப் புத்தகத்தில் வாசிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கடல் நமக்கு அந்நியமா? நம் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் மறுபடி நடந்து காட்டினார்கள். கற்பிட்டியிலிருந்து வடக்கே நீளும் கடல் அந்த மன்னார்க் கடல்தான். கண்ணீரோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கடலைச் சந்தோஷமாக ஒருநாள் பார்க்கட்டுமே! பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு சட்டம், தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு சட்டமா?

ஆனால் ஆசை மட்டும் போதாது. பயப்படவேண்டிய இடத்தில் பயப்படத்தான் வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்தது நினைவிருக்கும். பாலம் வேலை நடந்ததால் மக்கள் மிதவைப் படகில் போய்வந்தார்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளோடு போன அந்தப் படகு கவிழ்ந்து சின்னப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அது நடந்தது பெருங்கடலில் அல்ல, கரைக்குக் கிட்டே. ஆகவே தண்ணீர் குறைவு, தூரம் குறைவு என்று யாரும் சொன்னால் ஏமாறாதீர்கள்.

பாதை இன்னும் மோசம். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயா ரதெல்லைப் பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் மோதி, வானிலும் முச்சக்கர வண்டியிலும் போன நம் பகுதி மக்கள் இறந்தார்கள். ஹட்டனிலிருந்து கற்பிட்டிக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம். இரவோடிரவாகப் போய், கடலைப் பார்த்து, மறு இரவே திரும்புவது என்றால் சாரதி தூங்காமல் ஓட்டவேண்டும். அப்படிப்பட்ட பயணத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம்.

பயணத்தை ஒழுங்கு செய்கிறவர்களிடம் பெற்றோர் கேட்கவேண்டியவை இவை:

ஒன்று: பகலில் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிகாலை கடலுக்குப் போகிறார்களா? தங்குமிடம் எது? பெண் பிள்ளைகளுக்குத் தனி இடமும் கூட ஆசிரியையும் உண்டா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பெண் பிள்ளையைத் தடுக்க வேறு காரணம் இல்லை.

இரண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா? கரையிலேயே போட்டு, கொக்கியை மாட்டவேண்டும். படகில் ஒரு மூலையில் குவித்து வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது.

மூன்று: ஒரு படகில் எத்தனை பேர்? படகுக்காரர் அனுமதி பெற்றவரா? "இன்னும் ரெண்டு பேரை ஏத்துவோம்" என்றால் பொறுப்பாசிரியர் "முடியாது" என்று சொல்வாரா?

நான்கு: காற்று மாறினால் பயணத்தை நிறுத்துவார்களா? "காசு கட்டிட்டோமே" என்று போகக்கூடாது. காசு போனால் சம்பாதிக்கலாம்.

ஐந்து: வலிப்பு, இழுப்பு உள்ள பிள்ளைகளின் விபரம் ஆசிரியர் கையில் இருக்கிறதா? இதை மறைக்காமல் சொல்வது பெற்றோரின் கடமை. கடலில் சிலருக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இலேசான சாப்பாடும் கொஞ்சம் இஞ்சியும் நல்லது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டே படகு போகக்கூடாது என்று 2012இல் விதி கொண்டுவந்தார்கள். டொல்பின் இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும். அதைத் துரத்துவது, இரவு வேலை முடிந்து வந்த காவல்காரரை எழுப்பித் தொந்தரவு செய்வது மாதிரி. "அண்ணே, இன்னும் கிட்ட விடுங்க" என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். கை தட்டிக் கூவாதீர்கள். பொலித்தீன் பையைக் கடலில் போடாதீர்கள். 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மனசு நமக்கும் வேண்டும்.

கடைசியாகக் காசு. இதற்காக யாரும் வட்டிக்குக் கடன் வாங்கவேண்டாம், நகையை அடகு வைக்கவும் வேண்டாம். இப்போதே மாதாமாதம் சிறு தொகையாகச் சீட்டுப் போல் சேருங்கள். கணக்கை இளைஞர் கழகம் எழுதி, பிரட்டுக்களத்துப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும். இயலாத வீட்டுப் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை என்று கழகம் முதலிலேயே முடிவெடுக்கட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் அனுப்புங்கள். ஒன்றாவது சரியில்லை என்றால், அது சரியாகும்வரை "இல்லை" என்று சொல்லுங்கள். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. நல்லபடி போய் வந்த பிள்ளை பார்த்ததையெல்லாம் வீட்டில் சொல்லும்போது, டீவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.