காதலும் குடித்தனமும்

(கோவளத்தில் ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியது)



மணமக்களை வாழ்த்திச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்துவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வாழ்த்தினால் ஆகக்கூடியது இன்னதென்பதில்தான் நமக்கு நம்பிக்கை இல்லை. நாலு பெரியவர்கள் வாழ்த்தினால் குடித்தனம் ஒழுங்காய் நடக்கும் என்றால், இந்நாட்டில் ஒரு வீட்டிலும் புருஷன் பெண்சாதி சண்டை இருக்கக் கூடாது. ஏனென்றால் வாழ்த்தாமல் எந்தக் கலியாணமும் நடப்பதில்லை. ஆகையால், காதல் என்றும் குடித்தனம் என்றும் சமூகம் என்றும் சொல்லப்படுகிற மூன்றும் நம்மிடையே எப்படி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன என்பதைப் பற்றி, நமது சொந்த வீட்டுச் சமாச்சாரத்தையும் ஒளிக்காமல் சேர்த்துச் சொல்லலாம் என்றே எழுந்திருக்கிறோம்.

இவ்வூருக்கு வருகிற வழியில் கண்டதையே முதலில் சொல்லுகிறோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மோட்டார் சைக்கிளில் ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண், கண் மாத்திரம் தெரியும்படி துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருக்கிறாள். வெயிலுக்கு என்பார்கள், புழுதிக்கு என்பார்கள். சரி, கடற்கரையில் வந்து நிழலில் உட்கார்ந்த பிறகும் துப்பட்டா அவிழவில்லையே, அது எதற்கு? மாமனோ, சித்தப்பனோ, தெருக்காரனோ பார்த்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்துக்கு. இந்தக் கடற்கரைக்கு 2021-ஆம் ஆண்டில் நீலக்கொடி என்கிற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், மணலைச் சோதித்தார்கள், சுத்தம் என்றார்கள். அந்தச் சுத்தமான மணலில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசினால் அவர்களை மாத்திரம் அசுத்தம் என்கிறோம்.

நாம் அப்பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும்படி பேசுவதற்கு அவர்கள் வீட்டில் ஒரு திண்ணைகூட இல்லை. ஆகவே இருபது மைலுக்கு மேல் தாண்டிச் சமுத்திரத்தைத் தேடுகிறார்கள். இவ்வூர்க் கரையில் மீன் வாங்குகிறவனைப் பாருங்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறான், விரலால் அழுத்திப் பார்க்கிறான், அதன் பிறகுதான் விலை பேசுகிறான். ஒரு வேளைக் குழம்புக்கு இவ்வளவு விசாரணை! ஆயுள் முழுவதும் ஒரு கூரையின் கீழ் இருக்கப்போகிற இரண்டு பேரோ ஒருவரோடொருவர் அரைமணி பேசக் கூடாதாம். ஜாதகக் கட்டம் பேசினால் போதுமாம்.

அதற்காகக் காதலை ஆகாயத்தில் தூக்கி வைத்துப் பேசும் சினிமாக்காரர் பேச்சையும் நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. கண்டவுடன் வந்தது, உயிரைக் கொடுப்பேன் என்பதெல்லாம் பாட்டுக்குச் சரி. பழக்கத்தினால் உண்டாகிற விருப்பமும், விருப்பத்தினால் உண்டாகிற நம்பிக்கையும்தான் நாம் அறிந்த காதல். அது இருக்கிறதா இல்லையா என்பது கடற்கரையில் தெரியாது. கலியாணமான ஆறாவது மாதத்தில், காலையில் யார் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள் என்பதில் தெரியும்.

இவ்விஷயத்தில் கடற்கரைக் குடும்பங்களிடம் நகரத்தார் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஆண் கடலுக்குப் போகிறான். கொண்டுவந்த மீனைப் பெண் கூடையில் எடுத்துப்போய் விற்றுக் காசாக்குகிறாள். காசு அவள் கையில், கணக்கு அவள் வாயில். எத்தனையோ படித்த வீடுகளில் மாதச் சம்பளம் வாங்குகிற பெண் தன் ஏ.டி.எம். அட்டையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, பஸ் செலவுக்கு அவனிடம் கேட்டு வாங்குகிறாள். ஆனால் இங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டுக் கணக்கைப் பார்க்கிற அதே பெண்ணுக்கு, கரையோர ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார இடமுண்டா? ஒரு பெண் வேறு ஜாதியானை விரும்பிவிட்டாள் என்று அபராதம் பேசுகிற கூட்டத்தில், அவளும் இல்லை, அவள் தாயும் இல்லை. மீசை வைத்தவர்களே கூடி முடிவு செய்கிறார்கள்.

நிற்க, நம்முடைய வீட்டு விஷயத்துக்கு வருகிறோம். நமக்குப் புரோகிதர் இல்லாமல்தான் திருமணம் நடந்தது. நாம் இருவரும் சிநேகிதர்களாய், சம உரிமையோடு வாழுவோம் என்று கூட்டத்தின் முன் படித்துக் கையெழுத்துப் போட்டோம். இருபத்திரண்டு வருஷமாயிற்று. பிரசாரத்துக்குப் போய் இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவோம். தாம்பரத்திலோ, திருப்போரூரிலோ பெண் விடுதலையைப் பற்றித் தொண்டை வற்றப் பேசிவிட்டு வந்து உட்காருவோம். அம்மையார் எழுந்து ரசத்தைச் சுடவைத்துப் போடுவார். சாப்பிட்டாயா என்று ஒருநாள்கூட நாம் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பது நமக்கே தெரியாது. ஒரு நாள் அவராகத்தான் சொன்னார்: “அந்த ஒப்பந்தத் தாள் பெட்டியில்தானே இருக்கிறது, எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்” என்று. எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் இல்லை.

இதைவிட வெட்கமானது ஒன்று. போன வருஷம் நமது மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று நம்மிடம் நேராகவே வந்து சொன்னாள். கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் வந்து சொன்னாளே, அதற்கு நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நம் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “அவர்கள் என்ன ஆட்கள்?” ஜாதி என்ற சொல்லைக்கூட உபயோகிக்கவில்லை, அவ்வளவு நாகரிகம்! பையன் நல்லவனா, குடிப்பவனா, உன்னை மரியாதையாய் நடத்துகிறானா என்று கேட்க வேண்டியவை ஆயிரம் இருக்க, அது ஒன்றுதான் வந்தது. மகள் கொஞ்ச நேரம் நம் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “அப்பா, இந்தக் கேள்வியை நீங்கள் மேடையில் எப்படிக் கேலி செய்வீர்கள் என்று சொல்லட்டுமா?” என்றாள். நாம் பதில் சொல்லவில்லை. இருபது வருஷம் பேசியவனுக்கே உள்ளே இது உட்கார்ந்திருக்கிறதென்றால், பேசாதவர்களைப் பற்றி என்ன சொல்லுவது? 2011-12-இல் இந்தியா முழுவதும் எடுத்த மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில், ஜாதிவிட்டு ஜாதி நடந்த விவாகம் நூற்றுக்கு ஐந்து அளவுதான் என்று கண்டார்கள். மீதித் தொண்ணூற்றைந்துக்கும் நம்மைப்போன்ற தகப்பன்மார்களே ஜவாப்தாரிகள்.

அந்தப் பையன் பிறகு வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், தட்டைத் தானே கழுவி வைத்தான். நமது பந்துக்களில் இரண்டு குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. நிறுத்திக்கொண்டதோடு போயிற்றே என்றுகூட ஆறுதல் கொள்ள வேண்டிய நாடு இது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டையில், ஜாதிவிட்டு மணந்துகொண்ட ஒரு வாலிபனைப் பட்டப்பகலில் பஸ் நிலையத்தருகே ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டிக் கொன்றார்கள். வயது வந்த இரண்டு பேர் மணந்துகொள்ளுவதில் எந்தப் பஞ்சாயத்தும், எந்தப் பந்துவும் குறுக்கிட உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது, அரிவாளும் இருக்கிறது.

அடுத்தபடியாக, இன்று நடக்கும் இம்முறை எங்கிருந்து வந்தது என்பது இங்கே வந்திருக்கும் பலருக்குத் தெரியாதென்று நினைக்கிறோம். 1928-ஆம் ஆண்டு மே மாதம், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்கிற கிராமத்தில், பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மறு வருஷம் பிப்ரவரியில், உங்கள் ஜில்லாத் தலைநகராகிய செங்கற்பட்டில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய மாகாண மகாநாட்டில், பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், விவாக விடுதலை உரிமை வேண்டும், ஜாதி பாராமல் துணையைத் தெரிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதில் சொத்துரிமை ஒன்று தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

திருமணமோ அதற்கு முன்பே சோதனைக்குள்ளாயிற்று. 1953-இல் சென்னை ஹைகோர்ட்டு, இம்முறைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாஸ்திரப்படியான சடங்குமில்லை, பழைய வழக்கமுமில்லை, புதிதாய் ஒரு கூட்டத்தார் ஏற்படுத்திக்கொண்டது வழக்கமாகாது என்பது கோர்ட்டின் கக்ஷி. அன்று எத்தனை தாய்மார்கள் ஒரே நாளில், சட்டத்தின் கண்ணுக்கு மனைவி இல்லாதவர்களாய்ப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்த பிறகுதான் அந்த இழிவு போயிற்று. முன் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. அச்சட்டப்படி பந்துக்கள், சிநேகிதர்கள் அல்லது மற்றவர்கள் முன்னிலையில் இன்னாரை ஏற்றுக்கொள்ளுகிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. நாலில் ஒன்று போதும். இந்த ‘அல்லது’ என்கிற சொல்லைத்தான் நம் ஜனங்கள் இன்னும் படிக்கவில்லை. நாலையும் செய்துவிட்டு ஐந்தாவதாகப் புரோகிதரையும் கூப்பிடுகிறார்கள். சர்க்காரும் கலப்பு மணத்துக்கு உதவி செய்கிறோமென்று, தாலி செய்ய எட்டுக் கிராம் தங்கம் அல்லவா கொடுத்து வந்திருக்கிறது!

ஆனால் ஒன்று. இச்சட்டம் இந்துக்கள் எனப்படுவோர் இருவருக்குள்ளேதான். பள்ளிவாசலும் மாதா கோயிலும் அம்மன் கோயிலும் பக்கம் பக்கமாய் இருக்கிற ஊர் உங்களுடையது. தர்காவுக்கு நேர்ந்துகொள்ள யாரும் மதம் பார்ப்பதில்லை; பெண் கொடுக்க மாத்திரம் பார்க்கிறீர்கள். மதம்விட்டு மணப்பவர்கள், மதம் மாறாமல் இருக்கவேண்டுமானால், 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதில் முப்பது நாள் நோட்டீசு ஒட்டுகிறார்கள். ஓடி வந்த பிள்ளைகளின் பெயரையும் விலாசத்தையும் சுவரில் ஒட்டித் துரத்துகிறவனுக்கு வழிகாட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

இன்றைய மணமக்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எனினும் நடந்த திருமணத்தைத் தொண்ணூறு நாளைக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. நாளை மறுநாளே போய்விடுங்கள். சாட்சிக்கு ஆள் வேண்டுமானால் நாம் வருகிறோம். நமது அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தத் தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மணமகள் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். பெட்டிக்குள் வைக்க வேண்டாம். சமையற்கட்டில், மணமகன் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வையுங்கள். சமையற்கட்டுக்கே அவர் வருவதில்லை என்றால், அது இருக்கிற இடத்தை அவருக்குக் காட்டுங்கள்.

நேரமாகிவிட்டது. மணமக்கள் இப்போது தங்கள் ஒப்பந்தத்தைப் படிப்பார்கள். மணமகளே முதலில் படிக்கும்படி கேட்டுக்கொண்டு நாம் உட்காருகிறோம்.