தாடைக்குள் வளரும் பற்கட்டி

தாயின் வயிற்றில் கரு ஆறு வாரத்தை எட்டும்போதே பற்களுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. வாயின் மேற்றோல் தாடைக்குள் பட்டையாக இறங்கி, பல்லுக்கு ஒன்றாக மொட்டுவிடும். எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது, எப்போது மிளிரி (எனாமல்) சுரப்பது என்ற கட்டளைகள் மொட்டுக்கும் அதன் கீழுள்ள இழையத்துக்கும் இடையே புரதங்களாகப் போய்வருகின்றன. பல் உருவானதும் பட்டை சிதைந்துவிடும். ஆனாலும் சில கலங்கள் தாடை எலும்பிலும் முரசிலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகின்றன.

இவ்வகைக் கலங்களிலிருந்து எழும் கட்டிகளில் முக்கியமானது அமெலோபிளாஸ்டோமா. இலங்கையின் 226 பற்கட்டிகளை ஆராய்ந்து பேராதனை, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையிலும் அதுவே முதலிடம் பெற்றது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கட்டியின் விளிம்பில் நெடிய கலங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கரு அடிமென்சவ்வை விட்டு மறுமுனைக்கு ஏறியிருக்கும். மிளிரி சுரக்க ஆயத்தமாகும் கலத்தின் கோலம் அது. மிளிரிதான் கடைசிவரை சுரப்பதில்லை.

ஏன் இந்தப் பெருக்கம்? 2014இல் விடை கிடைத்தது. பின்லாந்து ஆய்வாளர்கள் 24 கட்டிகளில் 15இல் ‘பிராஃப்’ பரம்பரையலகில் ஒரே விகாரத்தைக் கண்டார்கள். தைமின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் அடினின். அதனால் புரதத்தின் 600ஆம் அமினோ அமிலமான வேலின் குளுட்டாமிக் அமிலமாகிறது. ‘பெருகு’ என்ற கட்டளை அதன்பின் ஓய்வதில்லை. அதே ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று, மேல்தாடைக் கட்டிகளில் ‘ஸ்மூதன்ட்’ என்னும் வேறொரு பரம்பரையலகின் விகாரமே மிகுதி என்று காட்டியது.

அமெலோபிளாஸ்டோமா பெரும்பாலும் புற்றுநோயன்று. வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப்புற்றும் வேறு. ஆனால் எலும்பை அரித்துப் பரவும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கம் வலியில்லாமல் வீங்குவதே பொதுவான அறிகுறி. வலியில்லாத வீக்கத்துக்காக ஒரு நாள் பேரை, அதாவது தோட்டக் கூலியை, இழந்து மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வர யாருக்கும் எளிதில் மனம் வராது. கட்டி வளரத் தேவையான காலத்தை அந்தத் தாமதமே கொடுத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு பல அறைகளாகக் கரைந்து தெரியும். சிறு துண்டெடுத்துச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும்.

சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் சேர்த்து வெட்டுவதே வழமை. பிராஃப் விகாரமுள்ள சிலருக்கு, தோல் மெலனோமாவுக்கென வந்த டப்ராஃபெனிப் மருந்து கட்டியைச் சுருக்கியிருக்கிறது. பத்தாண்டு கழித்தும் கட்டி மீள்வதுண்டு என்பதால், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பல ஆண்டுகள் தவறாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.